‘பொருந்தும்’ என்றொரு சொல்: மலிவான கேமிங் கணினி ஒன்றை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

(நீண்ட பதிவு. நேரமுள்ளபோது படியுங்கள்.)

சென்ற மாதம் எங்கள் விடுதியில் முதுகலை இரண்டாம் ஆண்டு பயிலும் தம்பி ஒருவர் என் அறைக்கதவைத் தட்டினார். அவரிடம் ஒரு கணினியின் உறுப்புகள் எல்லாம் இருந்தன, கணினிதான் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்து ஓராண்டாகச் சேர்த்த 45,000 ரூபாயில், தில்லி நேரு பிளேசில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியவை அவை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600 செயலி, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பி450 மதர்போர்டு, 16 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேம், ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கிராபிக்ஸ் கார்டு, ஓர் எஸ்.எம்.பி.எஸ்., ஒரு கேபினெட். காணொளிகளைப் பார்த்து எல்லாவற்றையும் தாமே பூட்டியிருக்கிறார். மின்சாரம் கொடுத்தால் விசிறிகள் சுழன்றன. திரை இருண்டே கிடந்தது. மதர்போர்டு விற்றவரிடம் திரும்பப் போய்க் கேட்டதற்கு, “சாக்கெட் ஒன்றுதானே? பொருந்தும்” என்ற விடைதான் கிடைத்ததாம். விற்றதைத் திரும்பப் பெற அவர் இசையவில்லை.

நான் கணினிப் பொறியாளன் அல்லன். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழில்நுட்பம் இந்தியச் சந்தைக்குள் நுழைந்த வழிகளைப் பயில்பவன். ஆகவே அந்தப் பெட்டியைவிடக் கடைக்காரர் சொன்ன ‘பொருந்தும்’ என்ற சொல்லே என்னை அதிகம் உறுத்தியது. அவர் பொய் சொல்லவில்லை. செயலி அந்தச் சாக்கெட்டில் ஒரு மயிரிழை பிசகாமல் உட்காரத்தான் செய்தது. அப்படியானால் பொருந்துதல் என்பது எது? அதை யார் முடிவு செய்கிறார்கள்? முடிவு பிழைத்தால் இழப்பு யாருடையது? நாற்பது ஆண்டுக் கதை இது. தெரிந்த அளவில் சொல்ல முயல்கிறேன்.

கதை 1981 ஆகஸ்ட் 12இல் தொடங்குகிறது. அன்று ஐ.பி.எம். தன் ‘பெர்சனல் கம்ப்யூட்டர்’ என்னும் 5150ஆம் எண் பொறியை அறிவித்தது. பெருங்கணினிகளை அங்குலம் அங்குலமாகத் தானே உருவாக்கி, தானே பராமரித்துப் பழகிய நிறுவனம், இம்முறை அவசரத்தில் இருந்தது. புளோரிடா மாநிலத்து போகா ரட்டோனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இயங்கிய சிறு குழு ஏறத்தாழ ஓராண்டுக்குள் பணியை முடிக்க வேண்டியிருந்ததால், கடையில் கிடைப்பவற்றையே வாங்கிக் கோத்தது. செயலி இன்டெலின் 8088, இயங்குதளம் மைக்ரோசாஃப்டினுடையது, நெகிழ்வட்டு இயக்கி டாண்டனுடையது, அச்சுப்பொறி எப்சன் செய்தது. பிற நிறுவனங்கள் விரிவாக்க அட்டைகள் செய்ய முன்வர வேண்டும் என்பதற்காக, மின்சுற்று வரைபடங்களும் பயாஸ் எனப்படும் அடிப்படை நிரலின் முழு வரிகளும் அடங்கிய தொழில்நுட்பக் கையேட்டையும் ஐ.பி.எம். விற்பனைக்கு வைத்தது. இன்று நாம் ஒரு செயலியை ஓரிடத்திலும் ரேமை வேறோரிடத்திலும் வாங்கிப் பூட்டுகிறோம் என்றால், அதற்கான வாசல் இந்த அவசரத்தில்தான் திறந்தது. அறிவைப் பொதுவாக்கும் பெருந்தன்மை எதையும் நான் அதில் காணவில்லை.

கையேட்டில் பயாஸ் அச்சிடப்பட்டிருந்தாலும் அது பதிப்புரிமைக்கு உட்பட்டது. படிக்கலாம், படியெடுக்கலாகாது. இந்த ஒற்றைப் பூட்டைத் திறக்க டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்சிலிருந்து விலகி வந்த மூவர் 1982இல் ஹூஸ்டனில் தொடங்கிய காம்பேக் நிறுவனம் ஒரு வழியைக் கையாண்டது. ஒரு குழு ஐ.பி.எம். நிரலைப் படித்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிவைத்தது. அந்நிரலைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழு, அவ்விவரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிய நிரலை எழுதியது. சட்டம் தீண்ட முடியாத நகல் பிறந்தது. 1984 முதல் ஃபீனிக்ஸ் நிறுவனம் இத்தகைய பயாசை உரிமம் வாங்கும் எவருக்கும் விற்கத் தொடங்கியதும், ‘ஐ.பி.எம். கம்பாட்டிபிள்’ என்ற சொற்றொடர் ஒரு பண்டத்தின் பெயராகவே மாறிவிட்டது.

கேமிங் கணினி என்றால் முகம் சுளிக்கும் நம் துறைப் பேராசிரியர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அன்று ஒரு பொறி உண்மையிலேயே ஐ.பி.எம்.முடன் பொருந்துகிறதா என்று அறிய இதழ்களும் வணிகர்களும் கையாண்ட உரைகற்கள் இரண்டு. ஒன்று லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கேட்டு நிரல். மற்றொன்று 1982இல் வெளியான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற விளையாட்டு. இரண்டுமே வேகத்தை நாடி, இயங்குதளத்தின் வழியே செல்லாமல் வன்பொருளை நேரடியாகத் தொட்டவை. ஆகவே நகலில் ஒரு சிறு கோணல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். டெக் நிறுவனத்தின் ரெயின்போ, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்சின் ப்ரொஃபெஷனல், டாண்டி 2000 ஆகியவை எம்.எஸ்.-டாஸ் இயங்கும் நல்ல பொறிகளே; சில கூறுகளில் ஐ.பி.எம். பொறியைவிட மேம்பட்டவையும்கூட. ஆனால் ஐ.பி.எம்.முக்கென எழுதப்பட்ட நிரல்கள் அவற்றில் உள்ளபடியே ஓடவில்லை. சந்தை அவற்றை ஒதுக்கியது. பொறியின் தரத்தைவிடப் பொருத்தம் வலியது என்பதைத் தீர்ப்பதில் ஒரு விமான விளையாட்டுக்குப் பங்குண்டு.

திறந்துவிட்ட வாசலை மூடவும் ஐ.பி.எம். முயன்றது. 1987 ஏப்ரலில் வெளியான பி.எஸ்./2 வரிசையில் ‘மைக்ரோ சேனல்’ என்ற புதிய இணைப்பு முறையைப் புகுத்தி, அதைப் பயன்படுத்த விரும்புவோர் உரிமத்தொகை செலுத்த வேண்டும் என்றது. பழைய அட்டைகள் அதில் செருகா. மறு ஆண்டே காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் மாற்று முறையை அறிவித்தன. ஐ.பி.எம். தன் சொந்தக் குழந்தையின் மீதான பிடியை இழந்தது. (அந்தத் தோற்ற வரிசையின் எச்சம் இன்றும் உயிரோடிருக்கிறது. மலிவான மதர்போர்டுகளின் பின்புறம் ஊதா, பச்சை நிறத்தில் வட்டமான விசைப்பலகைத் துளை ஒன்றைக் காணலாம். அதன் பெயர் பி.எஸ்./2தான்.)

இனி இந்தியாவுக்கு வருவோம். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி அயல்நாட்டுப் பங்கைக் குறைக்க மறுத்த ஐ.பி.எம்., 1978இல் இந்நாட்டைவிட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்றது. செய்தவன் போய்விட்ட பொறியை, செய்தவன் துணையின்றி ஓடவைக்கும் திறன் இங்கே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது என்பது என் கருத்து. கொள்கை வரலாறுகள் இறக்குமதிப் பட்டியலையும் சுங்க விகிதத்தையும் பேசுமளவுக்கு இதைப் பேசுவதில்லை. இராஜீவ் காந்தி பிரதமரான சில நாள்களில், 1984 நவம்பரில், புதிய கணினிக் கொள்கை வந்தது. தனியார் உற்பத்திக்கான தளைகள் தளர்ந்தன. உறுப்புகளின் இறக்குமதி எளிதாயிற்று. நிறுவனங்கள் கிழக்காசியாவிலிருந்து உறுப்புகளைத் தருவித்துத் தம் பெயர்ப்பலகையை ஒட்டி விற்றன. ஒரு பெரிய நிறுவனம் வெளியிலிருந்து உறுப்புகளை வாங்கிக் கோக்கலாம் என்றால், ஒரு சிறு கடைக்காரர் ஏன் கோக்கலாகாது? அந்தக் கேள்வி எழ அதிகக் காலம் ஆகவில்லை.

நேரு பிளேசை தில்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மாவட்ட வணிக மையமாகத் திட்டமிட்டது. அலுவலகங்களுக்கென எழுப்பப்பட்ட கட்டடங்கள் அவை. அடித்தளங்களையும் நடைபாதைகளையும் கணினிச் சந்தை எடுத்துக்கொண்டது எந்த வரைபடத்திலும் இல்லாத நிகழ்வு. இரவி சுந்தரம் தம் ‘பைரேட் மாடர்னிட்டி’ நூலில் தில்லியின் இத்தகைய ஊடகச் சந்தைகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நூல். மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவின் சாந்தினி சௌக், சென்னையின் ரிச்சி தெரு ஆகியவையும் இதே குலத்தைச் சேர்ந்தவை. ஆனால் சுந்தரத்தின் கவனம் திருட்டுப்படிகளிலும் ஊடகப் பெருக்கத்திலும் தங்குகிறது. அதே சந்தையின் மற்றொரு சரக்கான பொருத்தம் பற்றிய அறிவைத் தனியே எடுத்துப் பேச இடமிருக்கிறது என்று கருதுகிறேன்.

1990களில் கணினி வாங்கிய எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் ஒரு கேள்வி நினைவிருக்கும்: “பிராண்டடா, அசெம்பிள்டா?” தமிழிலும் இந்தியிலும் ஒரே ஆங்கிலச் சொற்களில் கேட்கப்பட்ட கேள்வி அது. பிராண்டட் என்பதில் ஒரு நிறுவனத்தின் சின்னமும் உத்தரவாதமும் இருந்தன. பொருத்தத்துக்கான பொறுப்பை அந்நிறுவனம் ஏற்றிருந்தது. அசெம்பிள்டு என்பதில் அப்பொறுப்பை ஏற்றவர் உங்களுக்குத் தெரிந்த ஒரு பையன். தாய்வானில் அசூஸ், கிகாபைட், எம்.எஸ்.ஐ. போன்ற நிறுவனங்கள் செய்த மதர்போர்டுகளையும் எங்கிருந்தோ வந்த ரேம்களையும் அவர் சேர்த்துக் கொடுப்பார். பழுதானால் மிதிவண்டியில் வந்து பார்ப்பார். மேசையளவில் இருந்த விலை வேறுபாட்டுக்கு இந்தப் பையன்தான் அடமானம்.

அவருடைய அறிவு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு சான்று. ஏ.டி. வகை மதர்போர்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து பி8, பி9 எனப்படும் இரு கொண்டிகள் வரும். இரண்டும் ஒரே வடிவம். அருகருகே செருக வேண்டும். இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும், போர்டு எரிந்துவிடும். கறுப்புக் கம்பிகள் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும் என்பதே விதி. அதைப் புத்தகத்தில் படித்தவர்களைவிட, ஒரு போர்டு கருகிய வாடையில் கற்றவர்களே மிகுதி என்று அக்காலத்துத் தொழிலாளிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தப் போர்டின் விலை பெரும்பாலும் பயிலாளின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது என்பதையும் அதே சிரிப்போடுதான் சொல்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. சாக்கெட் 7 காலத்தில் செயலிக்கு எத்தனை வோல்ட் என்பதைப் போர்டின் மீதிருக்கும் ஜம்பர் என்ற சிறு தொப்பிகளை இடம் மாற்றித் தீர்மானிக்க வேண்டும். பென்டியம் எம்.எம்.எக்ஸ்.சுக்கு 2.8 வோல்ட், ஏ.எம்.டி. கே6 233க்கு 3.2, சைரிக்சின் 6எக்ஸ்86 எம்.எக்ஸ்.சுக்கு 2.9. ஒரே சாக்கெட்; மூன்று நிறுவனங்கள்; மூன்று அழுத்தங்கள். ஒலியட்டை போட்டால் அடுத்த பாடு. அட்டைக்கும் செயலிக்கும் இடையிலான குறுக்கீட்டு எண்ணும் முகவரியும் வேறெந்த அட்டையோடும் மோதாதிருக்க வேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் செய்த சவுண்ட் பிளாஸ்டருக்கு 220, 5, 1 என்ற மூன்று எண்களை, விளையாட்டு தொடங்குமுன் தோன்றும் திரையில் தட்டிய தலைமுறை இன்று நாற்பதைக் கடந்துவிட்டது. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தொலைபேசி எண்ணை மறந்தவர்களும் இதை மறக்கவில்லை.

1995இல் இன்டெல் முன்வைத்த ஏ.டி.எக்ஸ். தரம் இந்த அறிவின் ஒரு பகுதியைத் தொழிலாளியின் தலையிலிருந்து எடுத்து வடிவத்துக்குள் வைத்தது. இரு மின்கொண்டிகளும் ஒன்றாயின. தலைகீழாகச் செருக முடியாதபடி துளைகளின் உருவம் மாறியது. ரேமிலும் அப்படியே. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240 தொடுமுனைகளே, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288. நடுவிலுள்ள வெட்டின் இடம் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை விலகும். தவறான ரேம் உள்ளே இறங்காது. இன்று காணொளிகளில் “கணினி பூட்டுவது குழந்தை விளையாட்டு” என்று சொல்கிறார்களே, அதற்கு அடிப்படை இந்த வெட்டுகள்தாம்.

ஆனால் வடிவம் காவலனாக மட்டும் இருக்கவில்லை, வேலியாகவும் ஆயிற்று. ஐ.பி.எம். தன் பொறிக்கு ஒரே ஒரு செயலி வழங்குநரை நம்பியிருக்க விரும்பாததால், ஏ.எம்.டி. இன்டெலின் செயலிகளை இரண்டாம் வழங்குநராகச் செய்யும் ஒப்பந்தம் 1982இல் ஏற்பட்டது. 386 செயலியின்போது இன்டெல் அந்த உறவை முறித்தது. வழக்குகள் 1995 வரை நீண்டன. வழக்கு முடிந்த பிறகும் இரு நிறுவனங்களின் செயலிகள் சாக்கெட் 7 என்ற ஒரே இருக்கையைப் பகிர்ந்துகொண்டன. வாங்குபவருக்கு அது பொற்காலம்: போர்டை வைத்துக்கொண்டு செயலியை மட்டும் மாற்றலாம். 1997 மே மாதம் பென்டியம் 2 வந்தபோது இன்டெல் சாக்கெட்டையே கைவிட்டு, ஸ்லாட் 1 என்ற நீண்ட பிளவுக்குப் போயிற்று. அது காப்புரிமை அரணுக்குள் இருந்த பிளவு. 1999இல் ஏ.எம்.டி. தன் அத்லானுக்காக ஸ்லாட் ஏ செய்தது. உடல் அதே கொண்டி. திசை மட்டும் தலைகீழ். செருகும் பாகம் ஒன்றாக இருந்தும் ஒன்றில் மற்றது இயங்காது. அன்றிலிருந்து மேசைக்கணினி வாங்குபவர் முதலில் கட்சி சேர வேண்டியிருக்கிறது, பிறகுதான் மற்றவை.

சாக்கெட் 7ஐப் பொற்காலம் என்றேனே, அதிலும் ஒரு முள் உண்டு. சைரிக்ஸ் செயலி மலிவு; அலுவலக நிரல்களில் விரைவு. 1996இல் வந்த குவேக் விளையாட்டோ பென்டியத்தின் தசமக் கணக்கீட்டுத் திறனை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. சைரிக்ஸ் அதில் தடுமாறியது. பொருந்தியது, இயங்கியது, ஆனால் எதற்காக வாங்கப்பட்டதோ அதைச் செய்யவில்லை. பொருத்தத்தின் இந்தப் படிநிலையை விளம்பரங்கள் சொல்வதில்லை. நம் தம்பியின் பெட்டிக்குத் திரும்பும்போது இது மீண்டும் வரும்.

1997இல் இந்தியா தகவல் தொழில்நுட்பப் பண்டங்களுக்கான உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையில் சேர்ந்தது. கணினிக்கும் உறுப்புகளுக்குமான சுங்கவரி படிப்படியாகக் குறைந்து 2005க்குள் நீங்கியது. பிராண்டட் பெட்டிகளும் மடிக்கணினிகளும் மலிந்தன. அசெம்பிள்டு என்ற சொல் அலுவலகங்களிலிருந்து மெல்ல விலகியது. அது ஒதுங்கி உயிர்வாழ்ந்த இடம் விளையாட்டு. இன்று உறுப்பு உறுப்பாக வாங்கிப் பூட்டுவோரில் பெரும்பகுதியினர் விளையாடுவோரே. முன்பு ஏழையின் வழியாக இருந்தது இப்போது ஆர்வலரின் வழி எனப் பெயர் மாறியிருக்கிறது. ஆனால் 45,000 ரூபாய்க்கு ஓராண்டு உழைத்த மாணவருக்கு இது இரண்டும்தான்.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்த மாற்றம் எதுவெனில், பொருத்தம் வடிவத்தைவிட்டு வெளியேறி நிரலுக்குள் குடிபுகுந்தது. 2017 அக்டோபரில் இன்டெலின் எட்டாம் தலைமுறைச் செயலிகள் வந்தன. சாக்கெட்டின் பெயர் முந்தைய இரு தலைமுறைகளைப் போலவே எல்.ஜி.ஏ. 1151. பழைய போர்டில் கச்சிதமாக உட்காரும், இயங்காது. ஏ.எம்.டி. தரப்பில் ஏ.எம்.4 என்ற சாக்கெட் 2016 முதல் பல தலைமுறைகளைத் தாங்கியது; அதற்காக அந்நிறுவனத்தைப் பாராட்டுவோர் பலர், நானும் அவர்களுள் ஒருவன். ஆனால் ஒவ்வொரு புதிய செயலியையும் அடையாளம் காணப் போர்டிலுள்ள பயாஸ் புதுப்பிக்கப்பட வேண்டும். பல போர்டுகளில் அந்தப் பயாஸ் சில்லின் கொள்ளளவு 16 எம்.பி.; எல்லாச் செயலிகளின் விவரத்துக்கும் அதில் இடமில்லை. 2020 மே மாதம் ஏ.எம்.டி., தன் அடுத்த தலைமுறைச் செயலிகள் பி450, எக்ஸ்470 போர்டுகளில் இயங்கா என அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டு, இயங்கும் என்றது. இடைப்பட்ட நாள்களில் போர்டுகளில் ஓர் அணுவும் மாறவில்லை. பொருந்தாது என்றிருந்தது பொருந்தும் என்றாயிற்று. பொருத்தம் பண்டத்தில் உறைவதாக நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான ஆவணம் என்னிடம் இல்லை.

நம் வீடுகளில் திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். தம்பி பார்த்தது ஒன்றே ஒன்று, சாக்கெட். எஞ்சியவற்றை அன்றிரவு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

அவருடைய ரைசன் 5 5600 வெளியானது 2022 ஏப்ரலில். போர்டின் பயாசோ 2019ஆம் ஆண்டினது. போர்டுக்கு இப்படியொரு செயலி பிறக்கப்போவது தெரியாது. பயாசைப் புதுப்பிக்கப் பழைய செயலி வேண்டும். பழைய செயலி இருந்தால் இதை ஏன் வாங்குகிறார்? சில போர்டுகளில் செயலியின்றியே புதுப்பிக்கும் பொத்தான் உண்டு; இதில் இல்லை. மேலும் இந்தச் செயலிக்குள் வரைகலைப் பகுதி கிடையாது. கார்டு பழுதானால் திரையில் எதுவுமே தோன்றாது என்பதும் அவருக்குப் புதுச் செய்தி.

அடுத்தது கார்டு. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யின் விளிம்பு முழு நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் மதர்போர்டோடு பேச அது பயன்படுத்துவது நான்கு தடங்களையே. நான்காம் தலைமுறைப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் அது பெரிதாக உறுத்தாது. பி450 போர்டு மூன்றாம் தலைமுறை. வழியின் அகலம் பாதியாகிவிடும். கார்டின் சொந்த நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே. அது நிரம்பி, இந்தக் குறுகிய வழியில் தரவு ஓடத் தொடங்கினால் விளையாட்டு திணறும். சைரிக்சும் குவேக்கும் நினைவுக்கு வந்தன. அதே விலைக்கு ஒரு தலைமுறை பழைய, எட்டோ பதினாறோ தடங்களுள்ள கார்டு ஒன்றை வாங்கியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தவன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திருப்பிப் பார்த்தோம். முகப்பில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறு பட்டியலில் 12 வோல்ட் வரிசைக்கு எதிரே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். செயலியும் கார்டும் மின்சாரம் குடிப்பது பெரும்பாலும் இந்த வரிசையிலிருந்துதான்: செயலிக்கு 65 வாட் என்பது பெயரளவு, உழைக்கும்போது அதைத் தாண்டும், கார்டுக்கு 107. முதல்முறை கணினி பூட்டும் மாணவர்கள் இந்தப் பதிவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இந்தப் பெருக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் மாற்றியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினேன். செலவில் பாதியை நான் கடனாகக் கொடுத்தேன்.

மறுநாள் இருவரும் நேரு பிளேஸ் போனோம். ஒரு கட்டடத்தின் படிக்கட்டுத் திருப்பத்தில், ஒரு மேசையும் ஒரு விளக்குமாய் அமர்ந்திருந்த பழுதுபார்ப்பவரிடம் போர்டைக் கொடுத்தோம். ஐம்பது வயதிருக்கும். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சில் பொதிந்த பழைய செயலிகள், பூட்டுத் தொழிலாளியின் சாவிக்கொத்துப் போல. முதல் தலைமுறை ரைசன் ஒன்றை எடுத்துப் பொருத்தி, பென் டிரைவிலிருந்து பயாசைப் புதுப்பித்து, எங்கள் செயலியை மீண்டும் வைத்தார். இருபது நிமிடம், 300 ரூபாய். திரை ஒளிர்ந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் அருகிலிருந்த நீளமான கணக்கு நோட்டை. எந்தப் போர்டு, அதன் எந்தப் பதிப்பு, எந்தப் பயாஸ் எண்ணில் எந்தச் செயலி ஏற்கிறது, எது ஏற்கும் என்று எழுதியிருந்தும் ஏற்கவில்லை என்பதையெல்லாம் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பல்லாண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். தயாரிப்பாளரின் இணையப் பட்டியலில் உள்ளதைப் பல இடங்களில் அடித்துத் திருத்தியிருந்தார். சில பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு மறுத்தார். “பிறகு என்னிடம் யார் வருவார்கள்?” என்றார். ஆய்வு, ஆவணம், எதிர்காலம் என்று நான் சேர்த்துவைத்திருந்த சொற்களில் எதுவும் அந்தக் கேள்விக்கு விடையாகவில்லை. வற்புறுத்தவில்லை.

அந்த மேசையின் கீழே, இனி எந்தச் செயலியும் பொருந்தாத மதர்போர்டுகள் ஒரு சாக்கில் கிடந்தன. மாதமொருமுறை எடைக்கு எடுத்துப் போவார்களாம். போகுமிடத்தை அவர் சொல்லவில்லை. ஆனால் வடகிழக்குத் தில்லியின் சீலம்பூரில் மின்கழிவுகள் கையால் உடைக்கப்படுவதும், உலோகத்தைப் பிரிக்கக் கம்பிகள் எரிக்கப்படுவதும் பல ஆய்வுகளில் பதிவானவை. ஒவ்வொரு சாக்கெட் மாற்றத்தின் கணக்கிலும் அந்தப் புகையும் சேர வேண்டும். இதைத் தனிக் கட்டுரையாக எழுத எண்ணியிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் இந்தச் சந்தைகளில் கடைகள் ஒரே தாளில் நெருக்கி அச்சிட்டுக் கொடுத்த விலைப்பட்டியல்கள், கையால் எழுதிய கொட்டேஷன்கள், மதர்போர்டோடு வந்த மெல்லிய கையேடுகள் உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய கேபினெட்டுக்குள்ளோ இருக்கக்கூடும். எந்த நூலகமும் இவற்றைச் சேர்த்துவைத்ததாக நான் இதுவரை காணவில்லை. எடைக்குப் போடுமுன் ஒரு படமெடுத்து, தேதியும் ஊரும் குறித்து எனக்கு அனுப்புங்கள். ஓரத்தில் யாராவது பேனாவால் எதையாவது அடித்துத் திருத்தியிருந்தால், அந்தப் பக்கம் முதலில் வேண்டும்.